இரண்டாம் சாட்சி

பங்கு நூலகத்திற்கு நன்கொடையாக வந்த புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, நாலைந்து ஆங்கில நாவல்களை மட்டும் தனியே எடுத்து வைத்து, "ஃபாதர், இவற்றை நம் நூலகத்தில் வைக்கலாமா?" என்று கேட்டாள். அட்டைகளைப் பார்த்தவர் எவருக்கும் அந்த ஐயம் எழத்தான் செய்யும். இருண்டதொரு சன்னல், அதில் ஒரு பெண்ணின் நிழல், கீழே கொலை, பொய், இரகசியம் என்பவற்றுள் ஏதேனும் ஒரு சொல். படிக்காமலே தீர்ப்புச் சொல்வது முறையன்று என்று கருதி அவற்றை நம் அறைக்கு எடுத்துச் சென்றோம். அம்மாணவிக்குத் தரவேண்டிய விடை சில நாட்களில் கிடைத்துவிட்டது. வயது வந்தோர்க்குரிய அடுக்கில் வைக்கலாம் என்பதே அது. ஆனால், அந்நூல்கள் நம்மிடம் எழுப்பிய வேறொரு கேள்வி எளிதில் அகலவில்லை. அதை ஒட்டியே இக்கட்டுரை.

மேலை நாடுகளில் இவற்றைக் குடும்பத் திகில் நாவல்கள் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இங்கே குற்றம் நிகழும் இடம் பாழடைந்த மாளிகையோ துறைமுகமோ அன்று. சமையலறை, மாடிப்படி, குழந்தையின் தொட்டிலருகு, பக்கத்து வீட்டுத் தோட்டம். துப்புத் துலக்குபவர் காவல் அதிகாரியோ கூரிய மதி படைத்த அறிஞரோ அல்லர். கடைக்குப் போய்வருகிற, துணி துவைக்கிற, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற சாதாரணப் பெண் ஒருத்தி. அவளுக்கு அதிகாரம் இல்லை, பயிற்சி இல்லை, துணையும் இல்லை. இந்த மூன்றாவது இன்மையே நம்மைச் சிந்திக்க வைத்தது.

துப்பறியும் கதைகளுக்கு நாம் புதியவரல்லர். சிறு குருமடத்தில் சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகளைப் பாடநூலுக்குள் மறைத்துப் படித்த தலைமுறை நம்முடையது. கணேஷுக்கு வசந்த் இருந்தான். ஷெர்லாக் ஹோம்சுக்கு மருத்துவர் வாட்சன் இருந்தார். செஸ்டர்டன் படைத்த பிரவுன் அடிகளார்க்குக்கூட, திருட்டை விட்டு மனந்திரும்பிய ஃபிளாம்போ என்ற நண்பன் கிடைத்தான். அகதா கிறிஸ்டி 1930-இல் வெளியிட்ட 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' என்ற நாவலில் முதன்முதலாக நாவல் ஒன்றின் துப்பறிவாளராக வரும் மிஸ் மார்ப்பிள், மணமாகாத முதியவர். கிராமத்து வம்புகளில் ஆர்வம் மிக்கவர். அவரும் தனியானவர் அல்லர். கதையைச் சொல்பவரே அவ்வூர் ஆங்கிலிக்கன் குருவானவர். வேறு கதைகளில், ஸ்காட்லாந்து யார்டின் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் அம்முதியவரின் கூர்மைக்குச் சான்று பகர்கிறார். ஆகவே, கிழவியின் சொல்லுக்கு விலை இருந்தது.

அடுத்த தலைமுறைக் கதைகளில் அந்த விலை இல்லாமற் போகின்றது. சீலியா ஃப்ரெம்லின் என்ற ஆங்கில எழுத்தாளர் 1958-இல் 'தி அவர்ஸ் பிஃபோர் டான்' என்ற நாவலை எழுதினார். 1960-இல் அமெரிக்காவின் எட்கர் விருதைப் பெற்ற நூல் அது. அதன் நாயகி லூயிஸ் மூன்று பிள்ளைகளின் தாய். கைக்குழந்தை இரவெல்லாம் அழுகின்றது. கணவனுக்குத் தூக்கம் கெடுகின்றது. அண்டை வீட்டார் முணுமுணுக்கின்றனர். நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரிடம் தேடி அலைகின்றாள் அவள். இந்நிலையில், வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்த பள்ளி ஆசிரியை ஒருத்தியிடம் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றுகின்றது. யாரிடம் சொல்வது? "உனக்குத் தூக்கம் போதவில்லை" என்பதே எல்லோருடைய மறுமொழியும். அது உண்மையும்கூட, அவளுக்குத் தூக்கம் போதவில்லைதான். ஆனால், மாடியில் ஆபத்து இருப்பதும் உண்மை. ஓர் உண்மையைக் காட்டி மற்றோர் உண்மையை மறைத்துவிட முடியும் என்பதை இந்நாவலில் கண்டது போல் இறையியல் நூல் எதிலும் நாம் தெளிவாகக் கண்டதில்லை.

இந்தப் பெண்கள் துணிச்சலின் மிகுதியால் தனியே புறப்படுகின்றனர் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் படித்த நாவல்களிலெல்லாம் தொடக்கத்தில் ஓர் அதிகாரம் உண்டு. அதில் அந்தப் பெண் ஒருவரிடம் போகின்றாள். கணவனிடம், காவலரிடம், மருத்துவரிடம், தோழியிடம். தான் கண்டதைச் சொல்கின்றாள். அவர்கள் கேட்பதில்லை, அல்லது கேட்டுப் புன்னகைக்கின்றனர். அதன் பிறகே அவள் தனியாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்குகின்றாள். தனிமை அவளது தேர்வன்று. பிறர் அவளுக்கு அளித்த தண்டனை.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி ஹிக்கின்ஸ் கிளார்க். 1964-இல் கணவரை இழந்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அவர்கள் எழுவதற்கு முன் விடியற்காலையில் சமையலறை மேசையில் அமர்ந்து எழுதியவர். 2020-இல் தம் 92-ஆம் வயதில் இறந்தார். 1975-இல் வெளிவந்த அவரது முதல் திகில் நாவல் 'வேர் ஆர் தி சில்ட்ரன்?'. தன் இரு குழந்தைகளைக் கொன்றவள் என்று பழி சுமத்தப்பட்டு, சட்ட நுணுக்கம் ஒன்றால் விடுதலையான நான்சி, வேறோர் ஊரில் மறுமணம் செய்து வாழ்கின்றாள். அங்கும் அவளுடைய இரு பிள்ளைகள் காணாமற் போகின்றனர். ஊரார் விரல்கள் உடனே அவளை நோக்கித் திரும்புகின்றன. இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய முதற்கணவனே, மருந்துகளைக் கொடுத்து அவளது நினைவை மங்கச் செய்து அத்தனை கொடுமைகளையும் இழைத்தவன் என்பது பின்னரே வெளிப்படுகின்றது.

மனைவியின் நினைவைக் கணவன் களவாடுகின்ற இக்கதைக்கு ஒரு முன்னோடி உண்டு. பாட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-இல் இலண்டனில் மேடையேறிய 'காஸ் லைட்' நாடகம் 1944-இல் ஹாலிவுட் திரைப்படமாக வந்து, இன்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது. அப்படத்தில் கணவன் பூட்டிய மாடி அறையில், கொலையுண்ட பெண் ஒருத்தியின் நகைகளை இரவுதோறும் கள்ளத்தனமாகத் தேடுகின்றான். அங்கே அவன் எரிவாயு விளக்கை ஏற்றும்போது கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகின்றது. "விளக்கு மங்குகிறதே" என்கிறாள் அவள். "உன் மனப்பிரமை" என்கிறான் அவன். பொருட்களை அவனே ஒளித்து வைத்து, அவள் தொலைத்துவிட்டதாகச் சொல்கின்றான். மெல்ல மெல்லத் தன் அறிவைத் தானே நம்பாதவளாகின்றாள் அவள். இக்கதையிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் ஒன்றை மெரியம் வெப்ஸ்டர் அகராதியினர் 2022-ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்தும் அச்சொல்லுக்கு வேலை இருக்கின்றது.

இப்படத்தில் நம் நெஞ்சைத் தொட்ட இடம் குற்றவாளி பிடிபடும் இடமன்று. காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் அவள் அறைக்கு வருகின்றார். விளக்கு மங்குகின்றது. அவரும் அதைப் பார்க்கின்றார். பார்த்தேன் என்று சொல்கின்றார். அந்த ஒரு நொடியில் அப்பெண்ணின் முகத்தில் தோன்றுவதை மீட்பு என்றே அழைக்கத் தோன்றுகின்றது. அவளுக்குத் தேவையாயிருந்தது வீரனல்லன், இரண்டாம் சாட்சி.

பழைய ஏற்பாட்டுச் சட்டம் இதை அறிந்திருந்தது. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எக்குற்றத்தையும் உறுதி செய்யலாகாது. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரம் தரும் நெறி. குற்றம் சாட்டப்பட்டவனைக் காக்க எழுந்த நல்ல சட்டம் அது. ஆனால், கதவடைத்த வீட்டுக்குள் நிகழும் தீமைக்கு இரண்டாம் சாட்சி எங்கிருந்து வருவார்? 1944-இன் படத்தில் வந்த அந்த மனிதர், இன்றைய நாவல்களில் வருவதே இல்லை. ஆகவே, அப்பெண் தனக்குத் தானே இரண்டாம் சாட்சியாக முயல்கின்றாள். பேருந்துச் சீட்டையும் கைப்பேசியையும் கடிதத்தையும் தேடுகின்றாள்.

பாவுலா ஹாக்கின்ஸ் 2015-இல் வெளியிட்டு, கோடிக்கணக்கில் விற்ற 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' நாவலில் இம்முயற்சி அதன் எல்லைக்கே செல்கின்றது. 2016-இல் ஆங்கிலத்திலும் 2021-இல் இந்தியிலும் திரைப்படமானதால் கதையை அறிந்த வாசகர்கள் பலர் இருக்கக்கூடும். ராச்சல் மணமுறிவு பெற்றவள். பிள்ளைப்பேறு வாய்க்காத துயரத்தில் குடிக்கத் தொடங்கி, குடியால் வேலையையும் இழந்தவள். வேலை போனது தெரியாதிருக்கத் தினமும் காலை 8.04 மணி இரயிலில் இலண்டனுக்குப் போய் வருகின்றாள். தான் முன்பு வாழ்ந்த தெருவின் பின்புறத்தில் அந்த இரயில் நின்று செல்லும். அங்கே ஒரு வீட்டில் தென்படும் இளம் தம்பதியருக்குத் தானே பெயர் சூட்டி, அவர்களது வாழ்வைக் கற்பனை செய்துகொள்கின்றாள். ஒருநாள் அந்த இளம்பெண் மேகன் காணாமற் போகின்றாள். அன்றிரவு ராச்சலும் அத்தெருவில்தான் இருந்தாள். தலையில் காயத்துடன் விழித்தெழுகின்றாள். என்ன நடந்தது என்பது நினைவில் இல்லை.

ஆங்கில நாட்டுக் கத்தோலிக்கக் குரு ரொனால்டு நாக்ஸ், துப்பறியும் கதைகளுக்கு 1929-இல் பத்துக் கட்டளைகள் வகுத்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். விவிலியத்தை மொழிபெயர்த்த கைதான் இதையும் செய்தது. குருக்களுக்கும் பொழுதுபோக்கு வேண்டுமல்லவா! அவற்றுள் ஒன்று, துப்பறிபவரே குற்றவாளியாக இருத்தலாகாது என்பது. அடிகளார் இந்நாவலைப் படித்திருந்தால் நெற்றியைச் சுருக்கியிருப்பார். ராச்சல் முதலில் சந்தேகிப்பது தன்னையே. கதை வளர வளர, அவளை இந்நிலைக்கு ஆளாக்கியவன் முன்னாள் கணவன் டாம் என்பது தெளிவாகின்றது. அவள் குடித்து நினைவிழந்த இரவுகளில் நடந்தவற்றை மறுநாள் அவனே அவளுக்குச் சொல்லி வந்தான். கோல்ஃப் மட்டையால் தன்னைத் தாக்க வந்தாள் என்றான். அவளும் நம்பி, அழுது, மன்னிப்புக் கேட்டாள். ஆனால், அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குள் எழுவது சினமன்று, அச்சம். தாக்கியவளுக்கு எதற்கு அச்சம்? சொல்லப்பட்ட கதைக்கும் உடல் காத்துவைத்திருந்த நினைவுக்கும் இடையில் இருந்த அச்சிறு பொருத்தமின்மையே அவள் கையில் கிடைத்த முதல் தடயம். மேகனைக் கொன்றவனும் டாமே.

இங்கே இறையியல் மாணவராய் நாம் கற்ற பாடம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'இறையியல் தொகுப்பு' நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 60-ஆம் வினாவில், பிறரைத் தீர்ப்பிடுவதைப் பற்றி ஆராய்கின்றார். ஒருவர் தீயவர் என்பதற்குத் தெளிவான அடையாளம் இல்லாதபோது, ஐயத்திற்குரியதை நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. தீயவரை நல்லவராக எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவரைத் தீயவராக எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேல் என்கிறார். ஏனெனில், முன்னதால் எவருக்கும் அநீதி இல்லை. பின்னதால் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படுகின்றது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தோம். குருவான பின் பங்கு இல்லத்தில் எத்தனையோ சண்டைகளை இந்த ஒரு நெறியைக் கொண்டே தணித்திருக்கின்றோம்.

அதே பகுதியில் அவர் சொன்ன மேலும் இரண்டைத் தேர்வில் எவரும் கேட்கவில்லை. நாமும் கருதிப் பார்க்கவில்லை. சந்தேகம் எங்கிருந்து பிறக்கின்றது என்று அவர் மூன்று ஊற்றுகளைக் காட்டுகின்றார். ஒன்று, சந்தேகிப்பவரின் சொந்தத் தீய குணம். இரண்டு, பிறர்மீது உள்ள வெறுப்பு. மூன்று, நீண்டகால அனுபவம். இம்மூன்றாவது, சந்தேகத்தின் குற்றத்தைக் குறைக்கின்றது. ஏனெனில் அனுபவம் உறுதிப்பாட்டை நோக்கி நடத்துவது. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனைவியின் சந்தேகத்தை இவற்றுள் எந்த ஊற்றில் சேர்ப்பது? பெரும்பாலும் நாம் முதல் இரண்டில்தான் சேர்த்துவிடுகின்றோம். இன்னொன்று: தீமைக்கு மருந்திட வேண்டிய இடத்தில், மோசமானது நடந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு செயல்படுவதே பயன் தரும் என்றும் அப்புனிதர் சொல்லியிருக்கின்றார். பெரிய நோய்க்கு ஏற்ற மருந்து சிறிய நோயையும் தீர்க்கும் என்பது அவர் காட்டும் காரணம். தீர்ப்பிடும்போது நல்லெண்ணம், காக்கும்போது முன்னெச்சரிக்கை. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே வினாவில் சொல்லியிருக்க, முதலாவதை மட்டும் நாம் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கின்றோம். அதையும் ஒருபக்கமாகவே. ராச்சலின் உலகத்தில் நல்லெண்ணம் அனைத்தும், ஒழுங்காக உடுத்தி ஒழுங்காகப் பேசும் டாமுக்கே போய்ச் சேர்ந்தது. குடித்த பெண்ணுக்கு மிஞ்சியது சந்தேகம்.

நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டே போவது எளிது. நாம் இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் நடந்தது இது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. சம்பந்தப்பட்டவரின் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்கின்றோம். ஒருநாள் மாலை, பக்தசபை ஒன்றின் பொறுப்பிலிருந்தவர் வந்தார். அமைதியான மனிதர். "வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லை சாமி. எல்லாம் மறந்து போகிறாள். வைத்த பொருளைக் காணோம் என்கிறாள். செபித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவரது தாழ்மை நம்மை நெகிழச் செய்தது. சில வாரங்கள் கழித்து அந்த அம்மையார் வந்தார். தம் தந்தை சீதனமாகத் தந்த வீட்டுமனையின் பத்திரம் அலமாரியில் வைத்த இடத்தில் இல்லை என்றும், கேட்டால் "நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய், மறந்துவிட்டாய்" என்று கணவர் சொல்வதாகவும் கூறினார். தூக்கமின்மைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தது உண்மையென்றும் அவரே ஒப்புக்கொண்டார். நெகிழிப் பையிலிருந்து ஏதோ ஒரு தாளை எடுத்தார். நாம் அதைக் கையில் வாங்கவில்லை. பொறுமையைப் பற்றிப் பேசினோம். நல்ல மருத்துவரிடம் போகச் சொன்னோம். புனித மோனிக்காவின் எடுத்துக்காட்டையும் கூறியதாக நினைவு. அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க சாமி" என்று எழுந்து போனார்.

தவக்காலத்து ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படும். தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம். உலகின் மிகப் பழைய துப்பறியும் கதைகளுள் இதுவும் ஒன்று என்று கருதியதால், டாரதி சேயர்ஸ் 1928-இல் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டில் இதற்கும் இடம் தந்தார். தோட்டத்தில் தனித்திருந்த சூசன்னாவை இரு முதியவர்கள் வற்புறுத்துகின்றனர். அவள் இணங்காதபோது, இளைஞன் ஒருவனோடு பாவம் செய்தாள் என்று பழி சுமத்துகின்றனர். சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் இதோ தயார்! அவர்கள் மக்களின் மூப்பர்கள், நடுவர்கள் என்பதால் சபை அவர்களை நம்பிற்று என்கின்றது திருநூல். நம்பியதற்கு வேறு காரணம் எதையும் அது சொல்லவில்லை. அவள் கொலைக்கு இட்டுச் செல்லப்படும்போது சிறுவன் தானியேல் கூட்டத்தை நிறுத்துகின்றான். இரு முதியவரையும் பிரித்து, எம்மரத்தடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்கின்றான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கின்றார்.

தானியேல் செய்ததை உற்றுநோக்க வேண்டும். இவள் சொல்வதே உண்மை என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு அறிவித்துவிடவில்லை. விசாரிக்காமல் எப்படித் தீர்ப்பிட்டீர்கள் என்று சபையைக் கேட்டான், பிறகு விசாரித்தான். இவ்வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், "அப்படியானால் ஒரு பெண் சொல்வதையெல்லாம் நம்பிவிட வேண்டுமா?" என்ற கேள்வி வாசகர் சிலரிடம் இந்நேரம் எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. கில்லியன் ஃப்ளின் 2012-இல் எழுதிய 'கான் கேர்ள்' நாவலில், ஏமி என்ற மனைவி பொய் நாட்குறிப்பு எழுதி, இரத்தம் சிந்தி, தான் கொலையுண்டது போல் தடயங்களைச் செதுக்கிக் கணவனை மாட்டிவிடுகின்றாள். நாவலாசிரியர்களுக்கு முன்பே தொடக்கநூல் இதைச் சொல்லிவிட்டது. போத்திபாரின் மனைவி யோசேப்பின் மேலாடையைக் காட்டி அவனைச் சிறைக்கு அனுப்பினாள். அங்கும் பிழை அவளது சொல்லைக் கேட்டதில் இல்லை. அந்த ஆடை எப்படி அவள் கைக்கு வந்தது என்று எவரும் விசாரிக்காததில்தான். உயிர்ப்பு நாள் காலையில் பெண்கள் கல்லறையிலிருந்து வந்து சொன்னது திருத்தூதர்களுக்கு வீண்பேச்சாகவே பட்டது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகின்றார். ஆனால், பேதுரு எழுந்து கல்லறைக்கு ஓடினார். நம்பிவிட்டு ஓடினாரா, நம்பாமலே ஓடினாரா என்பது நமக்குத் தெரியாது. ஓடினார், குனிந்து பார்த்தார்.

தனித்து விசாரிக்கும் பெண்ணைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ளவும் நம்மால் இயலவில்லை. ராச்சல் செய்யும் தவறுகளை நாவல் சற்று எளிதாகவே கடந்து செல்கின்றது. காணாமற் போனவளின் தோழி என்று பொய் சொல்லி அவள் கணவனிடம் நெருங்குகின்றாள். மேகனுக்குச் சிகிச்சை அளித்த கமால் என்ற மனநல ஆலோசகரிடம் நோயாளி போல் நடித்துப் போகின்றாள். அதற்கு முன்பே, மேகனோடு அவரைக் கண்டதாகக் காவல்துறையிடம் சொல்லி அவர் கைதாகக் காரணமும் ஆகின்றாள். அம்மனிதர் மேகனிடம் முறை தவறி நடந்தவர்தான். ஆனால் கொலை செய்தவர் அல்லர். விடுதலையான பின்னும் செய்தித்தாள்கள் அவரை விடவில்லை. கதை முடிகின்றது, அந்த மனிதரின் பெயர் யாரால் தூய்மையாக்கப்பட்டது என்று ஆசிரியர் சொல்வதில்லை. தாமஸ் அக்குவினாஸ் அஞ்சிய அநீதி இதுவே. இங்கே கவனிக்க வேண்டியது, ராச்சலின் பிழையும் அவளது தனிமையின் விளைவே என்பது. "பொறு, இதை இன்னொரு முறை எண்ணிப் பார்" என்று சொல்ல அவளுக்கு ஒரு வாட்சன் இல்லை. தன் கற்பனையையும் தான் கண்டதையும் பிரித்துக் காட்ட ஆள் இல்லை. துணையின்றி உண்மையைத் தேடுபவர் பொய்யின்மீதும் தடுக்கி விழுவார். இவ்வகை நாவல்களில் பலவும், எவரையும் நம்பாதே என்ற பாடத்தோடு முடிந்துவிடுவது நமக்கு உடன்பாடன்று. நம்பத்தக்க ஒருவர் அங்கே இருந்திருந்தால் கதையே வேறு.

ராச்சலை அதிகம் வெறுத்தவள் டாமின் இரண்டாம் மனைவி அன்னா. குடிகாரி, தொல்லை தருபவள், பைத்தியம் என்று முன்னவளைப் பற்றிக் கணவன் சொன்னதையெல்லாம் நம்பியவள். கடைசியில் டாமின் உடற்பயிற்சிப் பையில் மறைந்திருந்த கைப்பேசி ஒன்று அவளுக்குக் கிடைக்கின்றது. மேகனுடையது. இப்போது அவளும் தன் சொந்த வீட்டுக்குள் ஒலியெழாமல் நடந்து விசாரிக்கத் தொடங்குகின்றாள். இறுதியில் டாம் ராச்சலைத் தாக்குகின்றான். மதுப்புட்டி திறக்கும் திருகாணியால் அவள் அவன் கழுத்தில் குத்துகின்றாள். அன்னா வந்து அத்திருகாணியை மேலும் திருகுகின்றாள். காவலர்களிடம் இருவரும் முரண்பாடின்றி ஒரே கதையைச் சொல்கின்றனர். மோசேயின் சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டனர். ஆனால், அதற்குள் இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது; சாட்சியத்திலும் ஒரு பகுதி மறைக்கப்பட்டுவிட்டது. அன்னா ஓராண்டு முன்னதாக ராச்சலின் சொல்லைக் கேட்டிருந்தால் என்ற எண்ணம் நூலை மூடிய பின்னும் நம்மோடு நெடுநேரம் இருந்தது.

நம் பங்கு அம்மையார் திருகாணி எதையும் எடுக்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒருநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, சார்பதிவாளர் அலுவலகத்திற்குத் தனியே போனார். வெளியே மரத்தடியில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கி, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தார். சான்றிதழில், அவர் தம் மனையை விற்றதாக ஒரு பதிவும் அதற்குரிய நாளும் இருந்தன. அந்நாளில் தாம் எங்கிருந்தோம் என்பதை அவர் மறக்கவில்லை. வேறோர் ஊர் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சை முடிந்த தாயின் அருகில் இருந்தார். மருத்துவமனைச் சீட்டும் பத்திரமாக இருந்தது. முதல்முறை நம்மிடம் வந்தபோது நெகிழிப் பையிலிருந்து எடுத்தது அந்தச் சீட்டுதான். பத்திரம் பதிவான நாள் எது என்பது கணவரின் பேச்சிலிருந்து அவருக்கு ஏறக்குறைய அப்போதே தெரிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

வில்லங்கச் சான்றோடு அவர் இரண்டாம் முறை பங்கு இல்லத்திற்கு வந்தார். உதவி கேட்டு வரவில்லை. வழக்கறிஞரை ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். நாற்காலியில் அமரவும் இல்லை. இரு தாள்களையும் மேசைமேல் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, "சாமி, தேதியை மட்டும் வாசிச்சுப் பாருங்க" என்றார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து, முதல் தாளை வாசித்தோம். பிறகு இரண்டாம் தாளை. அவர் நின்றுகொண்டே இருந்தார். "ஒரே நாள்தான் அம்மா" என்றோம்.